மூணரை மொழத்து அச்சு

மூணரைன்னுதானே சொன்னோம், மூணரை மொழந்தான், நல்லா நெனவிருக்கு, போன வெள்ளிக்கெழம இடுப்புல பூக்கூடையோட இதே பட்டறை வாசல்ல நின்னுதானே சொன்னோம், ஆசாரி அண்ணே, எங்க வண்டிக்கு இங்கிட்டுச் சக்கரத்துலேருந்து அங்கிட்டுச் சக்கரத்துக்கு மூணரை மொழம், அதுக்குத் தக்கன அச்ச அடிச்சு வைங்கன்னு, அவரும் கரித்துண்ட எடுத்துச் செவத்துல மூணு கோடும் ஒரு அரைக்கோடும் இழுத்துக்கிட்டாரு, அந்தக் கோடு இந்தா இப்பவும் அழியாம இருக்கு, பெறகு ஏன் வண்டி இப்படி காலு சுளுக்குன ஆடு மாதிரி ஒருபக்கமாச் சாஞ்சு நிக்குது... செங்கமலம் புளியமரத்தடியில நின்னுக்கிட்டு வண்டியவே பாத்துக்கிட்டிருந்தா. கீரமங்கலத்துக்குப் போற அந்த மண்ரோட்டுல வண்டி போயிப் போயி வாய்க்கா மாதிரி ரெண்டு தடம் விழுந்து கெடக்கு, அந்த ரெண்டு தடத்துக்குள்ளயும் ரெண்டு சக்கரமும் எறங்குனாத்தான் வண்டி நேரா ஓடும், எல்லா வண்டியும் அப்படித்தான் ஓடுது, இது மட்டும் இடது சக்கரத்த தடத்துக்குள்ள எறக்கிட்டு வலது சக்கரத்த வெளிமேட்டுல ஏத்தி வச்சுக்கிட்டு நிக்குது. பளபளன்னு கறுப்பு டயரு. காத்தடிச்ச டயரு. அதப் பாத்தா அழகாத்தான் இருக்கு, ஆனா இந்தச் சாய்வோட ரோட்டுல போனா அரைமைல் தாண்டறதுக்குள்ள வண்டியில வச்ச பூக்கூடையெல்லாம் ஒருபக்கமாச் சரிஞ்சு வந்துரும், செவலை கழுத்து என்னத்துக்காகும், ஒத்த மாடு, அதுக்கும் ஒண்ணு ஆகிப்போச்சுன்னா...

மயிலை செத்து நாப்பத்தஞ்சு நாளாச்சு. விடியக்காலம் தண்ணி காட்டப் போனா மாட்டுக் கொட்டத்துல காலை நீட்டிப் படுத்திருக்கு, வயிறு உப்பி, கண்ணு தெறந்து, பக்கத்துல செவலை நின்னு அதையே மோந்துக்கிட்டிருக்கு. மயிலையும் செவலையும் சோடி, பதினோரு வருசம் ஒரே நுகத்தடியில நின்ன சோடி, வண்டியில பலாப்பழமும் பூவும் ஏத்திக்கிட்டு அறந்தாங்கி டேசனுக்கு வாரத்துக்கு நாலு நட, அதுலதான் குடும்பம் ஓடுச்சு. மரச்சக்கரத்து வண்டிய ஒத்த மாடு இழுக்காது, கனம். அவ புருசன் அடைக்கலம் மூணு நாள் கஞ்சி குடிக்கல, நாலாம் நாள் காய்ச்சலு, அஞ்சாம் நாள் எந்திரிச்சு உக்காந்து, நம்ம சோலையப்பன் கங்காணி வால்பாறைக்கு ஆள் சேக்குறாராம், நானும் போறேன், செவலைய சந்தையில வித்துரலாம்னாரு. வால்பாறை. அட்டை கடிக்குமாமே அங்க, தேயிலத் தோட்டம், குளிரு, வருசத்துக்கு ஒருக்கா வரலாமாம், அதுவும் விட்டா. இவருகிட்ட வேண்டாம்னு சொன்னா வேணும்னு பண்ணுவாரு, அது மாமன் வீட்டு ரத்தம், அவளுக்குத் தெரியாதா. அவ பாட்டுக்கு மறுநா பூக்கூடையத் தூக்கிக்கிட்டு அறந்தாங்கி பஸ் ஏறிட்டா, ஏன்னா ரெண்டு மாசத்துக்கு முந்தி கடைத்தெருவுல ஒரு வண்டியப் பாத்து வச்சிருந்தா, ஒரே ஒரு மாடு, எட்டு உப்பு மூட்டை, சத்தமே இல்லாம வழுக்கிக்கிட்டு வருது, கீழ பாத்தா காரு சக்கரம். யாரு பூட்டிக் குடுத்ததுன்னு விசாரிச்சுப் போயி நின்ன எடந்தான் ஷேக் பரீது ராவுத்தர் கடை, பழைய இரும்பும் டயருமா மலை மாதிரி குமிச்சு வச்சிருப்பாரே, அங்க.

ராவுத்தர் சொன்னாரு, செட்டியார் வீட்டுக் காரு ஒண்ணு ஓடி ஓஞ்சு வந்து கெடக்குத்தா, சக்கரம் நல்லாருக்கு, டயரு புதுசா மாட்டித் தாரேன், அச்சு முனை ரெண்டையும் அறுத்துத் தாரேன், நடுவுல இரும்புச் சட்டத்தச் சேத்து ஒங்க ஊரு ஆசாரி அளவுக்கு அடிச்சுக்கிறட்டும், ஆனா ஒண்ணு, பூட்டிப் பாத்துச் சேந்தா ஒங்களுக்கு, சேரலைன்னா எடுத்துக்கிட்டுப் போயிருவேன், கொத்தமங்கலத்துல ஒருத்தரு இதக் கேட்டுக் காத்துக்கிட்டு நிக்கிறாருன்னு. ஞாயித்துக்கெழம கங்காணி பஸ்ஸு. இன்னைக்கு வெள்ளி. அதுனாலதான் விடிஞ்சதும் விடியாததுமா சோலையப்பன் வீட்டு மாட்ட ஒருநாளைக்குக் கேட்டு வாங்கிச் செவலையோட சேத்துப் பூட்டி, மரச்சக்கரத்தோட வண்டிய இங்க ஓட்டிக்கிட்டு வந்து... ஆமா, ஆள் சேக்குற கங்காணி வீட்டு மாட்டையே ஆள் போகாம இருக்கறதுக்குக் கடன் வாங்கியாச்சு, அத நெனைச்சா சிரிப்பாத்தான் வருது. காலையில எல்லாம் நல்லாத்தானே நடந்துச்சு. ராவுத்தர் சக்கரத்தோட மொத பஸ்ஸுலயே வந்து எறங்கிட்டாரு. மரச்சக்கரத்தக் கழட்டுனாங்க. புது அச்ச வண்டிக்கு அடியில ஏத்துனாங்க. டயரு சக்கரத்துக் குடம் அச்சு முனையில போயி உக்காந்துச்சு பாரு, மோதிர விரல்ல மோதிரம் போன மாதிரி, ராவுத்தர் ஒருக்கா சுத்திவிட்டாரு, அது பாட்டுக்குச் சுத்துது, சுத்துது, நிக்கவே மாட்டேங்குது. பெறகு ஒசரம். டயரு சக்கரம் மரச்சக்கரத்துல பாதிதான் ஒசரம், வண்டி தாந்துபோயி மாட்டுக் கழுத்துக்கு எட்டாதேன்னு அவ பயந்துக்கிட்டே இருந்தா, ஆசாரி அதுக்கும் அச்சுக்கு மேல வேலமரத்துக் கட்டை ரெண்டு வச்சுத் தூக்கியிருந்தாரு, நடு ஏர்க்கால எடுத்துட்டு ரெண்டு பக்கமும் கம்பு வச்சுக் கட்டி, செவலைய நடுவுல நிறுத்திப் பூட்டிப் பாத்தா கழுத்துக்குக் கச்சிதம். அப்ப அடைக்கலம் சிரிச்சாரு. நாப்பத்தஞ்சு நாளைக்கு அப்பறம் சிரிச்சாரு, மேல்வரிசையில அந்த ஒடஞ்ச பல்லு தெரிய. சரி, தடத்துல எறக்கிப் பாப்போம்னு தள்ளுனாங்க. அம்புட்டுத்தான்.

இப்ப ரெண்டு பேருக்கும் வாய் முத்திப்போச்சு. என்ன ஆசாரி இது, நாங் கேட்டது வண்டிக்கு அச்சு, தேருக்கு அச்சு இல்லன்னாரு அடைக்கலம். பழனிச்சாமி ஆசாரி லேசுப்பட்ட ஆளு இல்ல, எட்டு ஊருக்கு அரிவாளும் கொழுவும் அடிச்சுக் குடுக்குறவரு, தலைத்துண்ட அவுத்து ஒதறி மறுபடி கட்டிக்கிட்டே, இந்தா பாரு அடைக்கலம், ஒம் பொண்டாட்டி மூணரை மொழம்னா, நான் மூணரை மொழம் அடிச்சேன், கோல எடுத்து நீயே வச்சுப் பாரு, ஒரு நெல்லு கூடுதலா இருந்தா பட்டறைய மூடிர்றேன்னாரு. வச்சுப் பாத்தாங்க. மூணரை. சுத்தமா மூணரை. அப்ப கோலுதான் தப்புன்னாரு அடைக்கலம். எங் கோலையா சொல்ற, எங்கப்பன் காலத்துக் கோலையா சொல்ற, அப்ப ஒம் பொண்டாட்டி அளந்தது தப்பா இருக்கும், அதச் சொல்லு... ஐயோ, அப்பத்தான் அடைக்கலம் மாமா அந்த வார்த்தையச் சொன்னாரு. அவ கையப் பத்திப் பேசாத ஆசாரி, இருவது வருசமா ஒருநா தப்பாம மொழம் போடுற கை, தூங்கும்போது கூட அந்தக் கை சரியா அளக்கும், ஊருல எவளையாச்சும் கேட்டுப்பாருன்னாரு. செங்கமலத்துக்கு அந்தக் கோவத்துலயும் ஒரு சந்தோசம், பாத்தியா, வீட்டுல ஒருநா கூட வாயத் தெறந்து நல்லாருக்குன்னு சொன்னதில்ல, கொழம்பு நல்லாருந்தாக் கூட இன்னுங் கொஞ்சம் ஊத்துன்னுதான் சொல்வாரு, நாலு பேருக்கு முன்னாடி எப்படிச் சொல்றாரு பாரு, கைய... ஆமா, நாம அளந்தது தப்பாகாதே, வண்டிக்கு அடியில குனிஞ்சு ஒவ்வொரு மொழமாப் போட்டுத்தானே வந்தோம், ஒண்ணு, ரெண்டு, மூணு, பெறகு அரை. ஆசாரிதான் எங்கயோ விட்டுட்டாரு, வயசாகுதுல்ல.

ஏத்தா செங்கமலம், அவுக சண்டைய அவுக போடட்டும், நீ எனக்கு ஒரு மொழம் பூவைக் குடுன்னு ஒரு குரலு. முனியாயி. அருவாமனைக்குப் பல்லு வைக்க வந்து, கரிமூட்டை மேல உக்காந்து, வேடிக்கை பாத்துக்கிட்டிருக்கா, இந்தக் கிழவிக்கு எங்க சண்டையோ அங்க ஒரு எடம். வெள்ளிக்கெழமையாச்சே, மாரியம்மங்கோயிலுக்கு ஒரு மொழம், அதுலயே தலைக்கு ஒரு துண்டு. செங்கமலம் கண்ண வண்டி மேல வச்சுக்கிட்டே கூடைக்குள்ள கைய விட்டா, வாழையெலைய வெலக்குனா, சரத்த எடுத்தா, முழங்கையில ஒரு முனைய வச்சு நாரை இழுத்தா, இழுத்த நாரு கையோட வந்து... அந்த நேரம் என்னத்துக்கோ குனிஞ்சு கையப் பாத்தா. ஏன் பாத்தான்னு தெரியல. இருவது வருசமா பாக்காத கைய. நடுவிரலும் மோதிரவிரலும் உள்ளங்கைக்குள்ள மடங்கிக் கெடந்துச்சு. அதுக மேல கட்டைவிரலு நாரைப் பிடிச்சு நின்னுச்சு. அது பாட்டுக்கு மடங்கியிருக்கு, யாரும் சொல்லாம, கொட்டத்துக்குள்ள நொழைஞ்சதும் மாடு தானா மண்டி போட்டுப் படுக்குமே அந்த மாதிரி. அளந்த கை அப்படியே நின்னுபோச்சு. இந்தக் கையோடதானே வண்டிக்கு அடியில போனோம்... இந்த ரெண்டு விரலும் அங்கயும் இப்படித்தானே இருந்திருக்கும்... என்னத்தா, பூவ அறுக்கப் போறியா இல்ல பாத்துக்கிட்டே இருக்கப் போறியான்னா முனியாயி. அறுத்துக் குடுத்தா.

என்னப் பெத்த அழகம்மா ஆத்தா, நீ பண்ணுன வேலையப் பாத்தியா. ஆத்தாகிட்டத்தானே மொழம் போடக் கத்துக்கிட்டது. ஒரு வருசம் மழையே இல்ல, கெணறு வத்திப்போயி மல்லிகைச் செடியெல்லாம் குச்சி குச்சியா நின்னுச்சு, பூக்கூடையில பாதிக்கு எலதான் கெடக்கும், அப்பத்தான் ஆத்தா சொல்லிக் குடுத்துச்சு, ரெண்டு விரலை மடக்கிக்க புள்ள, யாருக்கும் தெரியாது, அடுத்த சித்திரையில மழை பேஞ்சதும் நீட்டிக்கலாம்னு. மழை பேஞ்சுச்சு. அந்தச் சித்திரையும் வந்துச்சு, அடுத்ததும் வந்துச்சு. ஆத்தா செத்துப்போச்சு. சமஸ்தானம் போயி, ராசா போயி, கொடி மாறி பன்னண்டு வருசமாச்சு, இப்ப மொழமே வேண்டாம் அடியே வேண்டாம், மீட்டருன்னு ஒண்ணு வருதுன்னு பேசிக்கிறாங்க, இந்த ரெண்டு விரலு மட்டும் அந்த வறட்சியிலயே மடங்கிக் கெடக்கு. களவாணித்தனம்னு நெனைச்சுப் பண்ணலையே, நெனைப்பே இல்லையே, கண்ணு இமைக்கிறத நெனைச்சா இமைக்கிறோம்... ஆனா போன வெள்ளிக்கெழம ஆசாரி ஒண்ணு பண்ணுனாரே, தங்கச்சி, எங்க ஒங் கையக் காட்டு, ஆளாளுக்கு மொழம் மாறும்னு, அவ கையப் பிடிச்சு மொழக்கோலுல வச்சுப் பாத்தாரே, அவ நெட்டச்சி, நீளக்கை, நீட்டி வச்சா விரல் நுனியும் கோல் நுனியும் ஒண்ணா நின்னுச்சு, அட, ஏங் கோலும் ஒங் கையும் ஒரு சோடின்னு சிரிச்சாரு. கோலு மேல வைக்கும்போது விரலு நீண்டுச்சு. வண்டி மேல வைக்கும்போது மடங்கிருச்சு. பொம்பளைக் கை கட்டைன்னு தப்பிச்சுக்கவும் வழியில்ல.

சரி சரி, சத்தம் போடாதீங்கன்னு ராவுத்தர் எந்திரிச்சாரு. சட்டைப்பையிலேருந்து சுருட்டி வச்ச துணிநாடாவ எடுத்தாரு, அதுல அங்குலம் அங்குலமா கறுப்பு எழுத்து. எனக்கு பதினோரு மணி பஸ்ஸு, இன்னைக்கு ஜும்மா, ரெண்டு வார்த்தையில முடிங்கன்னுக்கிட்டே போயித் தடத்த அளந்தாரு, அம்பத்தாறு. வந்து புது அச்ச அளந்தாரு, அறுவத்திமூணு. ஏழு அங்குலம் கூடுதலு. ஏழா, அப்ப ஆசாரிதான்னாரு அடைக்கலம். ஏன் ஏங் கோலுதான்னு இன்னொரு தடவ சொல்லுன்னாரு ஆசாரி. ராவுத்தர் நாடாவச் சுருட்டிக்கிட்டே உதட்ட அசைச்சாரு, மூணரைக்கு ஏழு... மொழத்துக்கு ரெண்டங்குலம் கணக்கா உதைக்குதேன்னு தனக்குத்தானே சொன்னாரு. சொல்லிட்டு நிமுந்தாரு. எங்கயும் பாக்கல, நேரா செங்கமலத்தப் பாத்தாரு, மொகத்தக் கூட இல்ல, கைய. அவ கைய முந்தானைக்குள்ள சுருட்டிக்கிட்டா. கடைத்தெருவுல முப்பது வருசம் உக்காந்த மனுசன், எத்தன தராசு, எத்தன படி, எத்தன கை பாத்திருப்பாரு, தெரிஞ்சுபோச்சு அவருக்கு. ஆனா குனிஞ்சு செருப்புல ஒட்டுன மண்ணத் தட்டுனாரு. நல்ல மனுசன். அவரு சொல்லியிருந்தாக் கூட நல்லாருந்திருக்கும்.

பெறகு எல்லாம் மளமளன்னு நடந்துச்சு. ஆசாரி துருத்திய நிறுத்திட்டாரு. எம் பேச்சுல நம்பிக்கை இல்லாதவனுக்கு இரும்பைத் தொடமாட்டேன், சக்கரத்தக் கழட்டிக்கிட்டுப் போங்கன்னு உள்ள போயி நெருப்புப் பக்கம் திரும்பி எல்லாருக்கும் முதுகக் காட்டி உக்காந்துட்டாரு. ராவுத்தர் பஸ் வாரத் தெசையப் பாத்தாரு. அடைக்கலம் போயிச் செவத்துல சாச்சு வச்ச மரச்சக்கரத்த உருட்டிக்கிட்டு வந்தாரு. அதோட இரும்புப் பட்டா கரகரன்னு மண்ணுல உருண்டுச்சு. அவரு தலையில இப்பவே வால்பாறைக்குப் போற தகரப்பொட்டி ஏறிருச்சு, ஞாயித்துக்கெழம பஸ்ஸுல சன்னலோரம் உக்காந்துட்டாரு, குளிருது, துண்ட இழுத்துப் போத்திக்கிட்டாரு, அட்டை... சொல்லிரலாமா. சொன்னா என்ன. சொன்னா முனியாயி இருக்கா, கரிமூட்டை மேல, அந்த வாய் இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள நாலு தெருவும் போயிட்டு வந்துரும், நாளைக்குக் கூடையத் தூக்கிக்கிட்டுப் போனா ஒவ்வொருத்தியும் பழைய பூவையெல்லாம் நெனைச்சுப் பாப்பா, கல்யாணத்துக்கு எட்டு மொழம் வாங்குனவ, சடங்குக்குப் பன்னண்டு மொழம் வாங்குனவ. கொஞ்சம் பொறுத்து யாரும் இல்லாதப்ப ஆசாரிகிட்ட மட்டும் சொல்லிக்கலாம். அதுக்குள்ள பஸ் வந்துருமே. சக்கரம் போயிருமே. மாமா என்ன சொன்னாரு, இருவது வருசமா தப்பாத கைன்னு, அதக் கேட்டு அஞ்சு நிமிசம் கூட ஆகல, அந்த அஞ்சு நிமிசந்தான் நமக்குப் போல... தப்பாத கைதான். ஒருநா கூட தப்பல. ஒரே மாதிரி, ரெண்டு விரலு, ரெண்டு விரலு. அதுல பொய்யில்ல.

அண்ணே, கோலு சரின்னா. யாருக்கும் காதுல விழல. முனியாயிக்கு மட்டும் விழுந்துச்சு போல, நிமுந்து பாத்தா. கோலு சரி அண்ணே, அச்சும் சரி, நான் அளந்தது பூ மொழம்னா, இப்பக் கொஞ்சம் சத்தமா. சொல்லிட்டு முந்தானைக்குள்ளருந்து கைய எடுத்து எல்லாருக்கும் தெரிய நீட்டுனா, வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல, நீட்டி, முழங்கையில இடது கைய வச்சு, நாரு இல்லாமலே நாரை இழுத்துக் காட்டுனா, அந்த ரெண்டு விரலும் அதுக பாட்டுக்கு மடங்குச்சு. துருத்தி கூட நின்னுபோயிருந்துச்சா, செவலை வாலால ஈ ஓட்டுற சத்தம் கேட்டுச்சு. அடைக்கலம் மரச்சக்கரத்தப் பிடிச்சபடியே நின்னாரு, அவ கையப் பாத்தாரு, பெறகு சக்கரத்தப் பாத்தாரு. மொதல்ல வாயத் தெறந்தது யாரு, முனியாயிதான். அடி பாதகத்தி, நான் இம்புட்டு நாளா ஏங் கொண்டைதான் பெருத்துப்போச்சு, அதான் பூ எட்டலைன்னுல்ல நெனைச்சுக்கிட்டிருந்தேன்னா. ராவுத்தருக்குத்தான் மொத மொதல்ல சிரிப்பு வந்துச்சு, இருமுற மாதிரி ஆரம்பிச்சு, துண்டால வாயப் பொத்தி, அதுவும் முடியாம. பெறகு ஆசாரி. ஒனக்கு இருக்கறது நாலு முடி, அதுக்குப் பேரு கொண்டையான்னு ஆசாரி முனியாயியப் பாத்துக் கேட்டுட்டு எந்திரிச்சு வந்தாரு, மொகத்துல கோவம் இல்ல, கோலு தப்பிச்ச நிம்மதிதான். தங்கச்சி, ஒன் விரலு மடங்குனது பரவால்ல, நீ அளந்து நான் அடிச்சதுல அச்சு குறைஞ்சு போயிருந்தா இரும்பை இழுத்து நீட்ட முடியாது, இது கூடுதலு, நடுவுல ஏழங்குலத்த வெட்டி எடுத்துட்டுக் காய்ச்சிச் சேத்து மேல ரெண்டு பூண் மாட்டிட்டா இன்னும் கெட்டி, ஒண்ணரை மணி நேர வேலைன்னாரு.

பஸ்ஸு வந்துச்சு, நின்னுச்சு, ராவுத்தரப் பாத்து ஆரன் அடிச்சுச்சு. செங்கமலம் அவரையே பாத்தா. அவரு கைய ஆட்டி, போ போன்னுட்டாரு. கீரமங்கலத்துல பள்ளிவாசல் இல்லையா என்ன, அங்க தொழுதுட்டு வாரேன், வாரதுக்குள்ள சக்கரம் தடத்துல நிக்கணும்னு ஆசாரிகிட்டச் சொல்லிட்டு நடந்தே கெளம்பிட்டாரு. அம்புட்டு நேரமும் அடைக்கலம் ஒரு வார்த்தை பேசல. அதுதான். அவரு கத்தியிருந்தாத் தேவலை, ரெண்டு அடி அடிச்சிருந்தாக் கூட, இல்ல அடிக்கிற ஆளு இல்ல, ஏதாச்சும் ஒண்ணு. மரச்சக்கரத்தத் திரும்பச் செவத்துல சாச்சு வச்சாரு, கீழ விழாம ஒரு கல்லை அண்டக் குடுத்தாரு, பெறகு வந்து துருத்திக் கயித்தப் பிடிச்சு இழுக்க ஆரம்பிச்சாரு. அத எப்படி எடுத்துக்கறது. சக்கரத்துக்குக் கல்லு அண்டக் குடுத்தா அது அங்கயே இருக்கப் போவுதுன்னுதானே அர்த்தம், ஞாயித்துக்கெழம போற ஆளு துருத்தி இழுப்பாரா... இரும்பு செவந்துச்சு, வெள்ளையா ஆச்சு, ஆசாரி உளியை வச்சுச் சம்மட்டியப் போட்டாரு, வெட்டுன துண்டு கீழ விழுந்துச்சு, அதத் தொட்டித் தண்ணியில போட்டதும் சொர்ருன்னு ஒரு பொகை. இதுக்கு நடுவுல முனியாயி வேற, ஏ செங்கமலம், இப்பக் குடுத்த பூவுக்கு மிச்சத்தக் குடுன்னு கரிமூட்டையிலேருந்து எறங்கி வந்து நின்னுட்டா. செங்கமலம் மொழக்கோல எடுத்து வச்சு, குறைஞ்ச ரெண்டங்குலத்தப் பாத்து, இன்னுங் கொஞ்சம் சேத்தே அறுத்துக் குடுத்தா. கிழவி வாங்கி மோந்து பாத்துட்டு, இருவது வருசத்து மிச்சத்த மாசத்துக்கு ஒண்ணாக் குடு, ஒரேயடியாக் குடுத்தா தல கனத்துப்போவும்னா. அம்புட்டுத்தானா. நாலு தெருவுக்கும் இவ சொல்லப் போறது இப்படித்தானோ, சிரிச்சுக்கிட்டே சொல்லுவாளோ, சொல்லட்டும், சிரிச்சாத் தாங்கிக்கலாம்.

ராவுத்தர் வாரப்ப வண்டி தடத்துல நின்னுச்சு. ரெண்டு சக்கரமும் ரெண்டு தடத்துக்குள்ள, எலையில எண்ணெய் எறங்குன மாதிரி. அவரு சுத்தி வந்து பாத்தாரு, ஒரு டயர உதைச்சாரு, இன்னொரு டயருக்குப் பம்ப வச்சு நாலு அடி அடிச்சாரு, முப்பத்தாறு ஊருக்குச் சுத்தும், போங்கன்னாரு. சோலையப்பன் வீட்டு மாட்ட வண்டிக்குப் பின்னாடி கயித்துல கட்டுனாங்க, திருப்பி விட்டுட்டு அப்படியே சோலையப்பன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னாரு அடைக்கலம், என்ன வார்த்தைன்னு செங்கமலத்துக்குத் தெரியாதா. செவலைய ஒத்தையாப் பூட்டுனாங்க. அது மொதல்ல நகரல, பக்கத்துல மயிலைய எதிர்பாத்து நிக்குதோ என்னமோ, இடதுபக்கம் திரும்பித் திரும்பிப் பாத்துச்சு. அடைக்கலம் அந்தப் பக்கம் போயி, மயிலை நிக்கிற எடத்துல தான் நின்னுக்கிட்டு, கழுத்துல கைய வச்சுக்கிட்டே பத்து அடி நடந்தாரு. பெறகு அது பாட்டுக்கு நடந்துச்சு. இழுக்கற மாதிரியே தெரியல. அது நடக்குது, வண்டி பின்னாடி வருது. ஏறிக்கன்னாரு. காலையிலேருந்து அவளப் பாத்துச் சொன்ன மொத வார்த்தை. ஏறி உக்காந்தா. ஆசாரி ஓடி வந்து, வெட்டுன அந்த இரும்புத்துண்ட அவ மடியில போட்டாரு, இந்தா தங்கச்சி, ஒன் சொத்து, நீ வச்சுக்கன்னு.

ஏழு அங்குலம். வெயில்ல கெடந்து லேசாச் சூடா இருந்துச்சு. மூணரை மொழத்துக்கு இம்புட்டு மிச்சம்னா, ஒரு நாளைக்கு எத்தன மொழம், ஒரு வருசத்துக்கு, இருவது வருசத்துக்கு, அம்புட்டையும் ஒண்ணாக் கட்டியிருந்தா அந்தச் சரம் எது வரைக்கும் போயிருக்கும், அறந்தாங்கி வரைக்கும் போகுமா, போயிட்டுத் திரும்பி வருமா... ஏ புள்ளன்னாரு அடைக்கலம், முன்னாடி பாத்துக்கிட்டே. என்னங்க மாமான்னா. நம்ம கல்யாணத்தன்னைக்கு எனக்குப் போட்ட மாலை நெஞ்சுக்கு மேலயே நின்னுச்சே, எங்க சித்தப்பன் கூட, மாப்பிள்ளை வளந்துட்டானான்னு கேலி பண்ணுனாரே, அத யாரு கட்டுனது. ஆத்தான்னா செங்கமலம், எங்காத்தாதான் கட்டுச்சுன்னா. அப்பவேவான்னாரு. பெறகு தோளு குலுங்குச்சு, சத்தம் வராம, அழுகுறாரோன்னு எட்டிப் பாத்தா அந்த ஒடஞ்ச பல்லு தெரியுது. அவளுக்கும் சிரிப்பு வந்துச்சு, கண்ணுல தண்ணியும் வந்துச்சு, எது மொதல்ல வந்துச்சுன்னு தெரியல. கூடையில மிச்சம் ரெண்டு சரம் கெடந்துச்சு, எடுத்து மடியில வச்சுக்கிட்டா, இனி வீடு போற வழியில யாராச்சும் ஒரு மொழம் கேட்டா, கோலு இல்ல, நாடா இல்ல, இந்தக் கைதான். சும்மா ஒருக்கா முழங்கையில நாரை வச்சு இழுத்துப் பாத்தா. மடங்குச்சு. இடது கையால அந்த ரெண்டு விரலையும் பிடிச்சு நீட்டி விட்டா, விட்டதும் திரும்ப உள்ள போச்சு. இன்னொருக்கா. நீ இன்னைக்கு ஒருக்கா நீண்டாப் போதும்டி, நாளைக்கும் ஒருக்கா நீண்டாப் போதும்னு விரலுகிட்டச் சொன்னா. மூணாந்தடவ இழுத்தா, கண்ண மூடிக்கிட்டு இழுத்தா, தெறந்து பாத்தா நடுவிரலு மட்டும் கொஞ்சம் நிமிந்து நிக்கிற மாதிரி இருந்துச்சு, நெசமா நிமிந்துச்சா, இல்ல வண்டி குலுங்குனதுல நிமிந்துச்சான்னு கீழ பாத்தா... மடியில பூவு வச்சது வச்சபடி கெடக்கு, வண்டிதான் குலுங்கவே இல்லையே.